கிழித்த திகதிகளின் பின்பக்கம்

களுவாஞ்சிகுடிக் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து
ஐந்து பேரை மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள்,
ஆளுமைப் பயிற்சிக்கு.
கல்லடிப் பாலத்தில் பஸ் ஊரும்போதே ஜெசீமா சொன்னாள்:
"எண்ட ஆளுமை எனக்குத் தெரியும் கா,
பகல் சாப்பாடு என்னெண்டு மட்டும் சொல்லட்டும்."

சோபிதன் என்றொரு பொடியன்,
கழுத்தில் அட்டை, கையில் சிவப்பு வெளிச்சப் பேனை.
அறுபது கேள்வி தந்தான்.
கூட்டத்தில் நிற்பது உங்களுக்கு இலகுவா?
எப்போதும். சில வேளை. இல்லவே இல்லை.

எந்த வருஷத்துக் கூட்டம், தம்பி?
கூப்பன் கடை வரிசையா,
தீமிதிப்பன்று அம்மன் வாசலா,
தலையாட்டிக்கு முன்னால்
எங்களை இருத்தி வைத்த பள்ளிக்கூட மைதானமா?
கேட்கவில்லை.
சில வேளையில் புள்ளடி போட்டேன்.

நான் உள்முகம் என்று வந்தது.
ஜெசீமா வெளிமுகம்.
மனேஜர் பென்சிலால் எழுதி
மூன்று தரம் அழித்து
கடைசியில் தலைவர் வகைக்குள் போய் ஏறிக்கொண்டார்.

பின்னேரம், எல்லாருக்கும் கொட்டாவி வரும் நேரத்தில்,
சோபிதன் சொன்ன ஒன்று மட்டும்
பஸ்ஸில் என்னோடு வந்தது:
வாயால் கேட்டால் பூட்டிக்கொள்கிற ஆட்களிடம்
எழுதிக் கேளுங்கள்.

என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.
பெயர் பேரின்பம்.
பதினெட்டு வருஷமாய்
ஓம், இல்லை, பாப்பம்.
கலியாணத்தன்று ஒரு சூட்கேசோடு எங்கட வீட்டுக்கு வந்தவர்;
அந்தச் சூட்கேஸ் இன்னும் கட்டிலுக்குக் கீழேதான்.

அடுத்த நாள் காலை கலண்டரில் நேற்றைக் கிழித்து
பின்பக்கத்தில் எழுதி
தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைத்தேன்.
மகளின் டியூசன் காசு கட்டியாச்சா?
பின்னேரம் அதே தாளில், பொடி எழுத்தில்:
கட்டியாச்சு. மிச்சம் நூற்றைம்பது, ரேடியோவுக்குப் பக்கத்தில்.
அடேயப்பா, ஆறு சொல்.

செவ்வாய்: ரசம் எப்படி?
உப்புக் கூட. போன கிழமையும்தான்.
புதன்: போன கிழமை ஏன் சொல்லயில்ல?
பதில் இல்லை.
வியாழன்: என்ன யோசிக்கிறீங்க?
அந்தத் தாள் இரண்டு நாள்
கோப்பைக்குக் கீழே கிடந்தது,
வட்டமாய்த் தேத்தண்ணிக் கறையோடு.

சனிக்கிழமை எழுதியிருந்தார்:
பின் வளவில் கிணற்றடிப் பக்கம் நல்ல வெயில்.
ஒரு தேசிக் கன்று வைக்கலாமா?
உங்கட காணி எண்டபடியாக் கேக்கிறன்.

நான் குசினிக்குள் நின்று
அதை நாலு தரம் வாசித்தேன்.
சீதனமாய் என் பெயருக்கு எழுதிய காணி.
உறுதியை அலுமாரியில் வைத்துப் பூட்டியது அம்மா.
சாவி என் கோர்வையில்.
சோபிதனின் நாலு வட்டத்திலும் தேடினேன்,
சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள்.
பதினெட்டு வருஷ விருந்தாளி என்று
ஒரு வகை இல்லை.
எட்டி எடுக்காமல் இன்னொருவர் பரிமாறும்வரை பார்த்திருப்பதை,
முன்கதிரையில் இருக்காததை,
உப்புக் கூடிய ரசத்தைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பதை
நான் சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

பதில் எழுதவில்லை.
சூட்கேஸை இழுத்தெடுத்துத் திறந்தேன்:
இரண்டு சேர்ட், ஓ.எல். சேட்டிபிக்கட்,
அவரின் அம்மாவின் படம் ஒன்று.
சேர்ட்டை அலுமாரியில் என் சீலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
படத்தைச் சுவரில் மாட்ட ஆணி தேடினேன்.
பிறகு மண்வெட்டியைக் கொண்டுபோய்
கையில் கொடுத்தேன்.

குழி வெட்டினார்.
வெட்டிக்கொண்டே கதைத்தார்.
தேசிக்கு வேரில் தண்ணி நிற்கக்கூடாதாம்,
அவர் பிறந்த திருக்கோவில் வீட்டில் ஒரு மரம்
முந்நூறு காய் காய்த்ததாம்,
சின்ன வயதில் அவர்தான் வகுப்பில் பெரிய வாயாடியாம்.
நுளம்பு கடிக்கத் தொடங்கியும் நிறுத்தவில்லை.
எனக்குக் கொஞ்சம் தலையிடித்தது,
நான் உள்முகம் அல்லவா.

மாதம் முடிய சான்றிதழ் வந்தது,
லமினேட் பண்ணி, என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.
ஜெசீமா தன்னுடையதைச் சாலையில் மாட்டினாள்.
என்னுடையது
கன்றுக்கு மேல்வெயில் மறைக்க
அளவாய் இருந்தது.